மறுபடியும் லைட் எரியுது

மூன்று வாரத்தில் மூன்றாவது முறையாக அந்தப் பழைய லாரியைச் சவுதியின் தம்மாம் நகர ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தான் கார்மேகம்.

"பர்னபாஸ் அண்ணே, மறுபடியும் இன்ஜின் லைட் எரியுது. சிக்னல்ல நின்னா வண்டி அணைஞ்சு போகுது."

மெக்கானிக் பர்னபாஸ் திறந்து பார்த்தார். போன வாரம் அவரே அழுத்தி மாட்டிய சென்சார் வயர் கழன்று கிடந்தது. தானாகக் கழன்றதல்ல, கிளிப்பை யாரோ நெம்பியிருந்தார்கள்.

"நீதானே பிடுங்கினே? டூட்டிக்கு டிமிக்கி கொடுக்க இப்படி ஒரு வழியா?"

கார்மேகம் தலைகுனிந்து நின்றான். பர்னபாஸ் நேராக லாரி கம்பெனி மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் அவனை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஆயில் மாற்ற அதே லாரியைக் கொண்டுவந்தார், இப்போது அதை ஓட்டும் பெஷாவர்க்காரர் குல்ஜமான்.

"கார்மேகம் சோம்பேறி இல்லை, உஸ்தாத்" என்றார் இந்தியில். "எங்க கேம்ப்ல அவன் ஒருத்தன்தான் தமிழ் ஆளு. இந்தி வராது, அரபி வராது. நாள் முழுக்க வாயே திறக்க மாட்டான். உங்ககிட்ட வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும் சிரிச்ச முகமா இருப்பான். அப்படி என்னதான் பேசுவீங்க?"

பர்னபாஸ் அந்தச் சென்சார் வயரின் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். வேலை மும்முரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கியதே இல்லை.