பதினொரு மேற்கோள்

"ஒன்பது வருஷம். ஆறு கட்டுரை. மொத்த மேற்கோள் எத்தனை தெரியுமா? பதினொண்ணு!"

வேதியியல் துறைத்தலைவர் திரையில் தெரிந்த எண்ணைப் பேனாவால் தட்டிக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேராசிரியர்களும் சிரித்தார்கள்.

எதிரே இருந்த உதவிப் பேராசிரியை சிரிக்கவில்லை. அவளுடைய வேலையை நிரந்தரமாக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டமே.

"அந்தப் பதினொண்ணுலயும் ரெண்டு, அம்மா தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கிட்டது!"

சிரிப்பு இன்னும் பலமானது.

தலைவர் கிண்டல் பண்ணலாம். கரிம உலோக வேதியியலில், அதாவது சேராத உலோகத்தையும் கரியையும் சேர்த்து வைக்கிற வித்தையில், அவர் பெரிய புள்ளி. அவர் எழுதியதை உலகம் பதினாலாயிரம் தடவை மேற்கோள் காட்டியிருந்தது. அந்த எண்ணைத் தன் அறைக் கதவில், பெயருக்குக் கீழேயே ஒட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் ஊழியர் வந்து பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டுவார்.

"சரி, நாள் முழுக்க லேப்லயே இருக்கீங்களே, என்னதான்மா பண்றீங்க?"

"செஞ்சதையே திரும்பவும் செஞ்சு பார்க்கிறேன் சார். பத்துத் தடவையும் ஒரே மாதிரி வந்தாத்தான் எழுதுவேன்."

"பத்துத் தடவையா? எனக்கு ஒரு தடவை வந்தாப் போதும், அனுப்பிடுவேன். அதனாலதான் நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கேன், நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்க."

கோடியில் வெளி நிபுணராக வந்திருந்தவர் ஒரு மருந்து கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர். அவர் மட்டும் தலையைக் குனிந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார் துறைத்தலைவர்.

"நான் சொல்ல என்ன இருக்கு? அதான் எண்ணே சொல்லுதே."

நாலு கையெழுத்து. அஞ்சு நிமிஷத்தில் கதை முடிந்தது.

அவள் வெளியே வந்து நடையின் ஓரத்தில் நின்று போன் பண்ணினாள். "அக்கா... இல்லக்கா, கிடைக்கல. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பின்னாலேயே வேகமாக யாரோ வரும் சத்தம். அந்த நிபுணர். முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மேடம், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"நன்றியா? எனக்கா?"

"குழந்தைங்க மருந்து ஒண்ணுக்கு நிக்கல் வச்சு ஒரு வேதிவினை செய்யவேண்டியிருந்துச்சு. உங்க தலைவர் எழுதின முறையை வச்சு ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினோம். குடுவையில கரிதான் மிஞ்சுச்சு. அப்புறம்தான் உங்க கட்டுரை கண்ணுல பட்டுச்சு. 'கலவை செங்கல் நிறத்துக்கு வராவிட்டால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவும்'னு எழுதியிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரி! முதல் தடவையே வந்துடுச்சு மேடம். இன்னிக்கு அந்த மருந்தால எத்தனையோ குழந்தைங்க எழுந்து நடமாடுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்த மருந்தைப் பத்தி நீங்க எழுதின கட்டுரையில இதை ஒரு வரி போட்டிருக்கலாமே சார்."

"எழுதினோம் மேடம்! முதல் பத்தியிலேயே உங்க பேரைப் போட்டோம். இதழ்காரங்க அதைத் துறை நிபுணர் ஒருத்தரோட பரிசீலனைக்கு அனுப்பினாங்க; அவர் சரின்னாத்தான் அச்சுல வரும். பரிசீலிக்கிறவர் யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. ஆனா, 'இந்த அம்மா கட்டுரையை எடுத்துடுங்க, கீழே இருக்கிற ஏழு கட்டுரையைச் சேருங்க'ன்னு ஒருத்தர் எழுதியனுப்பி, அந்த ஏழும் ஒரே ஆள் எழுதினதா இருந்தா... அது யாருன்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சியா பண்ணணும்?"

"சேர்த்தீங்களா?"

"ஏழையும்."

அவள் அவரையே பார்த்தாள். "அது போகட்டும். இப்ப உள்ளே என் வேலை போயிட்டு இருந்துச்சே, அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாமே சார்?"

நிபுணர் மூடியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"எப்படி மேடம்? எங்க அடுத்த கட்டுரையும் அவர்கிட்டதானே போகும்!"