இரண்டு இருக்கை

முன்னால் செங்கல் லாரி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அதன் பின்சக்கரங்கள் அவள் கண்ணுக்கு நேராகச் சுழல்கின்றன; அவ்வளவு தாழ்வான இருக்கை. முந்நூறு குதிரைச்சக்தி கொண்ட புதுக் கார்தான். ஆனால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது என்று விற்றவர்கள் சொல்லியிருப்பதால், கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுபதிலேயே ஓட்டுகிறான். ஒரு பழைய வேன் ஹாரன் அடித்தபடி முந்துகிறது. அதில் இருப்பவர் சிரித்துக் கையாட்டுகிறார். "சிரிடா, சிரி. அடுத்த மாசம் பாத்துக்கறேன்," என்கிறான் கணவன். இருக்கையின் புதுத் தோல் வாடை அவள் தொண்டையில் நிற்கிறது. சாயங்கால வெயில் கண்ணாடி வழியே மடியில் விழுந்து சுடுகிறது. வீட்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம். போன் அடிக்கிறது, மகளின் குரல் வண்டியின் நான்கு மூலையிலிருந்தும் வருகிறது. "அம்மா, அத்தைகிட்ட இப்பவே சொல்லிட்டேன். பின்னாடி ஜன்னலோரம் எனக்குத்தான்!" வண்டிக்கு இரண்டே இருக்கை என்பது காலையில் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரியும். அவள் கை தானாகப் பின்னால் போகிறது. ஒரு சாண் இடம். அப்புறம் பின்னாலிருக்கும் எஞ்சினின் சூடு ஏறிய சுவர். நீயே சொல்லிடேன் என்று கணவன் சத்தமில்லாமல் உதட்டை அசைக்கிறான். ஊசி போடப் போவது, தொட்டி மீன் செத்தது, லீவுக்குப் போக முடியாமல் போனது எல்லாவற்றையும் மகளிடம் இதுவரை சொன்னது அவள்தான். "அத அப்பா சொல்வாருடி செல்லம்," என்கிறாள். அவன் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தப் போய்த் தயங்குகிறது. லாரி வழிவிடவில்லை. "அப்பா?" என்கிறது வண்டி முழுவதும்.