முகம் வராத படம்

அறுவைச் சிகிச்சை நிபுணர் அருணா, ஜெயராஜின் கட்டவிழ்த்த கைக்கு மேலே கைபேசியைப் பிடித்திருக்கிறார். குழல்விளக்கு வெளிச்சத்தில் அவர் போட்ட தையல்கள் ஈரமாக மின்னுகின்றன. “ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவும்தான், ஜெயராஜ். பிரஸ் மெஷின்ல கை எப்படி மாட்டுச்சு?” ஜெயராஜ் சுவரைப் பார்க்கிறான். வேகமாக ஓட்டுவதற்காகத் மெஷினின் பாதுகாப்புத் தடுப்புக் கதவைத் தானே கம்பியால் திறந்தபடி கட்டிவைத்தது தெரிந்தால், கும்மிடிப்பூண்டிக் கம்பெனி நஷ்டஈடு தராமல் வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்த டாக்டருக்கு அங்கே யாரையெல்லாம் தெரியுமோ. “முகம் வராது, கை மட்டும்தான்” என்கிறார் அருணா. மனைவி விக்டோரியாவுக்குப் பொறுமை போகிறது. “இன்னாய்யா ஊமையாட்டம் குந்திக்கினு கீற? கதவைக் கம்பி போட்டுக் கட்டிக்கினு ஓட்டுனேன்னு சொல்லேன். மூஞ்சிதான் வராதே!” அருணா தலையாட்டுகிறார், கைபேசி அசையவில்லை. ஜெயராஜ் எட்டிப் பார்க்கிறான். திரையின் மூலையில், குரலோடு வீடியோ பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது. நடுவில், அவன் மணிக்கட்டில் பச்சை குத்திய விக்டோரியாவின் பெயர் தெளிவாகத் தெரிகிறது.