பெண் வீட்டுக்காரர்

"இது என்ன சூப்பா, கை கழுவின தண்ணியா?"

கல்யாணக் கூடமே திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆள்தான் கத்தினார். எலும்பும் தோலுமான உடம்பு. தொளதொளவென்று இரவல் கோட்டு.

"மாப்பிள்ளை வீட்டுக்குக் கோழித்துண்டு, எங்களுக்கு வெறும் தண்ணியா? பொண்ணு வீட்டுக்காரங்கன்னா அவ்வளவு இளக்காரமா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பெண் வீடாம், பெண் வீடு!

நாங்கள் போலந்திலிருந்து போருக்கு முன்பே மெல்போர்ன் வந்து பிழைத்துக்கொண்ட யூதக் குடும்பம். மணப்பெண் ஹின்டா போன வருஷம்தான் கப்பலில் வந்து இறங்கினாள், ஒற்றை ஆளாக. அவள் சொந்தத்தில் ஒருத்தரைக்கூட நாஜிகள் விட்டுவைக்கவில்லை. என் தம்பி லைபிஷ் அவளைக் கட்டிக்கொள்கிறான். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது எங்கம்மா. இதில் இந்த ஆள் எங்கிருந்து முளைத்தார்?

"யோவ், யாருய்யா நீ? ஓசிச் சாப்பாட்டுக்கு வந்துட்டு ரகளையா பண்றே?"

காலரைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். அவர் தடுக்கக்கூட இல்லை. அடி விழும் என்பதுபோல் தலையைக் கைகளால் மறைத்துக்கொண்டார்.

"அத்தான், விடுங்க!"

ஹின்டா கல்யாண உடையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே அம்மா.

"யாரும்மா இவரு? உன் சொந்தமா?" என்றேன்.

"இல்ல. பேரு வெல்வெல். கப்பல்ல கூட வந்தவரு. நான்தான் சண்டை போடச் சொன்னேன்."

"என்னது?"

"எங்க வீட்டுல எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும், சூப் சரியில்லன்னு எங்க சித்தப்பா மாப்பிள்ளை வீட்டோட மல்லுக்கு நிப்பாரு. எனக்காகச் சண்டை போட ஒருத்தர்கூட இல்லாம நான் எப்படி அத்தான் கல்யாணம் பண்ணிக்கிறது?"

அவள் வெல்வெலின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. நாஜி முகாம்ல வாயத் திறந்தா அடி. இன்னிக்கும் சத்தமாப் பேசவே வராது. எனக்காக ஒரு வாரமாக் கத்திக் கத்திப் பழகினாரு."

என் கை தானாக விலகியது. வெட்கமாகப் போய்விட்டது.

வெல்வெல் கோட்டைச் சரிசெய்துகொண்டு, தலைகுனிந்தபடி படியிறங்கப் போனார்.

அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூடமே அதிரக் கத்தினாள்:

"என்ன சம்பந்தி, பாதியில ஓடறீங்க? என் சூப்பையா குறை சொன்னீங்க? உள்ள வாங்க, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்!"