பன்னிரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

பத்து மணிக் காபிக்குக்கூட எழுந்திருக்காமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார் டோர்கெல். பக்கத்து மேஜை பெரித் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"புவனோஸ் ஐரிஸிலேர்ந்து ஸ்டாக்ஹோமா? யாரு வர்றாங்க?"

"என் பொண்ணு மோவா. பன்னிரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் காட்டுது. அந்த விமானப் புகைக்கு எத்தனை மரம் நடணும்னு கணக்குப் போடுறேன்."

பெரித் சிரித்துவிட்டாள். "மோவாவா? நான் மயோர்க்காவுக்குப் பறந்தேன்னு ஒரு மாசம் என்கூடப் பேசாதவளாச்சே! சரக்குக் கப்பல்ல தொத்திக்கிட்டுப் போனவளுக்கு இப்ப பிளேன் கேக்குதா?"

"அவளைக் கேக்காமதான் ஏற்பாடு பண்ணினேன்."

"வரட்டும், என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறா! திரும்பிப் போறதுக்கும் சேர்த்துப் போடுங்க."

"வர்றது மட்டும்தான்."

"அப்புறம் என்ன? முடிச்சுட்டு காபிக்கு வாங்க."

"இந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது பெரித். என்ன போடுறதுன்னே தெரியல."

பயணியின் இருக்கை எந்த வகுப்பு என்று கேட்டிருந்தது.

"சாதா வகுப்புன்னு போடுங்க. அவ என்ன, மெத்தை இருக்கையிலயா உட்காரப் போறா?"

டோர்கெல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உட்கார்ந்து வரல பெரித். கீழ, சரக்கோட, பெட்டியில வர்றா."