நாலாம் நம்பர் போர்ட்

"சார், இந்தம்மாவ இன்னிக்கு வூட்டுக்கு அனுப்பாம உங்கள மலைய வுட்டு எறங்க வுட மாட்டேன்!"

புதூர்நாடு இ-சேவை மையத்தில் நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் கோபால்சாமி ஆரம்பித்துவிட்டார். முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, அங்கே வேலை பார்க்கும் சசிகலா மேல் மனு போட்டவர் அவர்தான்.

மனுவில் ஒரே புகார். வெள்ளிக்கிழமையானால் பதினோரு மணிக்கு நெட் போய்விடுகிறது. சசிகலா 'சர்வர் இல்ல' என்று அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்.

"ஆனந்தா, புகார் உண்மைன்னா ஒரு போன் போடு. இன்னிக்கே ஆளை மாத்திடலாம்" என்று திருப்பத்தூரில் என் அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்கோ பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் சாயங்காலம் வரை மலையிலேயே தவம் கிடக்க வேண்டியதுதான்.

நெட் ஒயர்களெல்லாம் வந்து சேரும் சுவர் சுவிட்ச் பெட்டியில் லேப்டாப்பைச் சொருகினேன். பெட்டியில் ஒயர் சொருக எட்டு ஓட்டை, அதாவது எட்டு போர்ட். எந்த ஒயரில் இணைப்பு இருக்கிறது, எதில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது, எல்லாம் திரையில் தெரியும்.

"மூணாவது உங்க கம்ப்யூட்டரா மேடம்?"

"ஆமா சார்" என்ற சசிகலா என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். மணி பதினொன்று. திரையில் மூன்றாம் போர்ட் பட்டென்று சிவப்பானது.

திரும்பிப் பார்த்தால், கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து ஒயரை உருவிக் கையில் வைத்திருக்கிறார்! விசாரிக்க வந்தவன் கண் எதிரிலேயே!

"இன்னா மேடம் இது?"

"அரை மணி நேரம் பொறுங்க சார். அப்புறம் எது வேணா எழுதிக்கோங்க."

"பாத்தீங்களா சார், பாத்தீங்களா?" கோபால்சாமி குதித்தார். "சாதி சான்றுக்கு மூணு தடவ ஜீப் ஏறி வந்தேன். மூணு தடவையும் இதே கதைதான்!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. அதிகாரிக்குப் போன் போடப் போனவன் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். மூன்றாவது செத்ததும் நாலாவது போர்ட்டில் டேட்டா கொட்டோ கொட்டென்று கொட்டியது. இந்த மலைக்கு வருவதே ஒத்தை லைன். அது மொத்தமும் இப்போது நாலாவதில்.

"இவ்ளோ ஓடுதுன்னா வீடியோதான். நாலாவது எங்க போவுது மேடம்?"

சசிகலா எழுந்து போய் பக்கத்து அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அது தடுப்பூசி போடும் நர்ஸம்மாவின் அறை.

"தொறக்காதீங்க சார். என் வேலை போனாலும் பரவால்ல."

"ஓஹோ! எங்கள வரிசைல நிக்க வெச்சிட்டு உள்ள படம் ஓட்றீங்களா?" என்றார் கோபால்சாமி. "சார், அந்த ஒயரு எது?"

நானே விரல் வைத்துக் காட்டினேன்.

சடாரென்று பிடுங்கிவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. தோளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா, டாக்டரம்மா திடீர்னு போய்ட்டாங்க. இப்பதான் எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சேன். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, கொழந்தையத் தூக்கவே பயமா..."

அப்போதுதான் கோபால்சாமியைப் பார்த்தாள்.

"அப்பா!"

"பிரியா? ஊசி போடப் போறேன்னு தானம்மா சொல்லிட்டு வந்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சசிகலா என்னிடம் மெல்லச் சொன்னார். "மனசு டாக்டர் சார். கொழந்த பொறந்ததுலருந்து இந்தப் பொண்ணு சரியா இல்ல. வாரத்துக்கு அரை மணி நேரம் வேலூர்லருந்து வீடியோல பேசறாங்க. என் ஒயரும் சேந்து ஓடினா அங்க படம் நின்னு போவுது."

"இதை வரிசைல நிக்கறவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன். "எத்தினி பேரு திட்டியிருக்காங்க!"

"சொன்னா யாருக்குன்னு கேப்பாங்க சார். வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பேரு வெச்சிடுவாங்கன்னு இந்தப் பொண்ணு கெஞ்சிச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்த போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

எல்லாம் காதில் விழுந்த கோபால்சாமி யாரையும் பார்க்கவில்லை. பிடுங்கிய ஒயரைப் பெட்டியில் வைத்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது எந்த ஓட்டையிலும் ஏறவில்லை.

"தம்பி, நாலாவது ஓட்டை எது தம்பி? கண்ணு மறைக்குது... சீக்கிரம் சொருவு. எம்பொண்ணு பேசட்டும்."