வேம்புக்கு எதிராக ஒரு கை

அன்று கோபத்தில் என்னவெல்லாம் சொன்னோம் என்பது ரமாவுக்குச் சரியாக நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கட்கி பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி, பார்க்கிங்குக்காக அந்த மரத்தை வெட்டலாமா என்று கூட்டம் கூட்டியது. மரநிழலின் மதிப்பை ரமா கணக்கிட்டுக் கொடுத்தாள். சுற்றுச்சூழல் பொருளாதாரம் அவள் பாடம். அரசியல் அவள் கணவர் விச்சுவின் பாடம்.

“நிழல் எல்லாருக்கும் பொது, ரமா. அதனால அதுக்காக ஒருத்தரும் வரமாட்டா. கார் வச்சிருக்கறவாதான் வருவா.”

“கூட்டத்துல என் கணக்கைப் படிங்கோ, போதும்.”

கூட்டம் முடிந்து திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தோத்துட்டோம்.”

“நீங்களாவது கை தூக்கினேளா?”

“தூக்கினேன். வெட்டறதுக்கு.”

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தவள், அதன்பின் அவரோடு பேசவில்லை.

மரம் விழுந்த மறுவாரம் கொத்தனார்கள் வந்து வாசல் படிகளின் மேல் சிமெண்டுச் சரிவு போட்டார்கள்.

“அவாளுக்கு ஒரு கை குறைஞ்சது. பதிலுக்கு இதைக் கேட்டேன்” என்றார் விச்சு.

வேம்பு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. விபத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டாத ரமாவின் சக்கர நாற்காலி தினமும் வெளியே வருகிறது. வெயில் படாமல் விச்சு பின்னால் குடை பிடித்து நிற்கிறார்.